குழலியை அளந்த சிமிழி

நடுக்கடலில் ஒரு மரம் மிதந்துகொண்டிருந்தது. ஏதோ ஓர் ஆறு வெள்ளத்தில் வேரோடு பிடுங்கி வந்து கடலில் தள்ளிவிட்ட பெரிய மரம் அது. அதன் வேர்கள் தண்ணீருக்கு மேலே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தன. கிளைகள் தண்ணீருக்குள் தொங்கின.

அந்தக் கிளைகளின் நிழலில் கிளாத்தி மீன்கள் கூட்டமாய் வாழ்ந்தன. அவற்றுக்குத் தலைவர் ஒரு பெரிய கிளாத்தி. பிறந்ததிலிருந்து மரத்தடியை விட்டுப் பத்து முழம் தள்ளிப் போகாதவர். ஆனாலும் கடலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

அதே மரத்தில், தண்ணீருக்குள் இறங்கியிருந்த ஒரு வேரில் சிமிழி தொற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பேய்க்கணவாய். எட்டுக் கைகள். மற்றப் பேய்க்கணவாய்கள் பாறை இடுக்கில் வாழும். சிமிழியின் இனத்துக்கு நடுக்கடல்தான் வீடு. அவள் தன் இரண்டு கைகளால் தானே வார்த்துக்கொண்ட வெள்ளை ஓடு ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தாள். காகிதம் போல மெல்லிய ஓடு. அதற்குள் அவள் முட்டைகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

மரத்தைச் சுற்றிக் குழலிகள் மிதந்தன. குழலியைப் பார்த்தவர்கள் முதலில் அதைப் பார்க்கவே மாட்டார்கள். உடம்பு முழுக்கக் கண்ணாடி. இரு பக்கமும் திறந்த சிறு குழாய் போல இருக்கும். ஒரு பக்கம் தண்ணீரை உறிஞ்சி மறு பக்கம் விடும். அப்படி விடும்போதே முன்னால் நகரும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பச்சைத் தூளாய்க் கலந்திருக்கும் பாசிதான் அதற்குச் சாப்பாடு. நகர்வதும் தின்பதும் அதற்கு ஒரே வேலை.

சிமிழிக்குக் குழலிகள் மேல் ஒரு பிரியம். மரத்தடியில் சண்டை மூளும்போதெல்லாம் ஒரு குழலியின் முதுகில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒளிந்திருப்பாள்.

வாடைக் காற்று வீச ஆரம்பித்த பருவத்தில் ஒருநாள் ஏழுவரி வந்து சேர்ந்தாள்.

ஏழுவரி ஒரு கடலாமை. ஒரு தோணி கவிழ்ந்து மிதப்பதைப் போன்ற உடம்பு. கருத்த முதுகில் ஏழு மேட்டு வரிகள். அவள் வந்தபோது அந்த வரிகளுக்கு இடையில் சதை குழி விழுந்திருந்தது. கண்ணோரம் சுருங்கியிருந்தது. அவள் வயிற்றுக்குள்ளும் முட்டைகள் இருந்தன. தெற்கே தீவுக் கரையின் மணலுக்குப் போய்ச் சேர்ந்துதான் அவற்றை இட வேண்டும். அவ்வளவு தூரம் நீந்த உடம்பில் தெம்பு வேண்டும். குழலியும், சொறி எனப்படும் இழுதுமீனும் மட்டும்தான் அவளுக்கு உணவு.

மரத்தைச் சுற்றிப் பார்த்தாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று சில குழலிகள் மட்டும் மிதந்தன.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான்" என்றார் கிளாத்தித் தலைவர். "நான் கண்ட காலத்திலிருந்து இப்படித்தான். பவளம் மாதிரி மெல்ல மெல்ல வளருற ஜாதி."

ஏழுவரி பெருமூச்சு விட்டாள். "அப்போ இருக்கிறதைத் தின்னுட்டுக் கிளம்புறேன். வேற வழி இல்லை."

சிமிழி தன் ஓட்டைப் பார்த்தாள். குழலிகள் போய்விட்டால் அவளுக்கும் அவள் முட்டைகளுக்கும் ஒளிய இடம் கிடையாது. ஆனால் அவள் வேறொன்றையும் யோசித்தாள். இந்த நாலைந்து குழலிகள் அந்தப் பெரிய வயிற்றுக்கு எந்த மூலைக்குக் காணும்?

"அக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றாள். "இதைத் தின்னா உங்களுக்குப் பாதி வழிகூடப் போகத் தெம்பு வராது. இதுங்க பெருகட்டும். பெருகினா வயிறு நிறையத் தின்னுட்டுப் போகலாம்."

"எப்போ பெருகும்?"

சிமிழிக்குத் தெரியவில்லை.

"சும்மா பொறுன்னு சொன்னா எப்படி, தங்கச்சி?" என்றாள் ஏழுவரி. கோபம் இல்லாமல்தான் கேட்டாள். "பெருகுறதுக்கு ஒரு பருவம் ஆகும்னா, நான் இங்கேயே செத்து மிதப்பேன். அதுங்க எவ்வளவு வேகமா வளருதுன்னு அளந்து சொல்லு. அளவு சரியா இருந்தா காத்திருக்கேன். இந்தக் காத்து அடங்குற வரைக்கும் உனக்குத் தவணை. அடங்கினதும் தின்னுடுவேன்."

"சரிங்க அக்கா" என்றாள் சிமிழி.

அளப்பது அவளுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அவள் கைகளின் உட்புறத்தில் ஒட்டு வட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. வாயோரம் இருக்கும் வட்டத்திலிருந்து தொடங்கி ஒரு குழலியின் மேல் கையை நீட்டி வைத்தால், அது எத்தனை வட்டம் நீளம் என்று தெரிந்துவிடும்.

ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டாள். மரத்தைக் கடந்து போன குழலிகளை ஒவ்வொன்றாக அளந்தாள். பெரும்பாலும் ஐந்து வட்டம் இருந்தன. மறுநாள் அதே வேரில் இருந்தபடி மறுபடியும் அளந்தாள். நாலு வட்டம்தான் இருந்தது. சில குழலிகள் மூன்று வட்டம்தான் வந்தன.

கையைத் தளர்த்தி மறுபடி வைத்துப் பார்த்தாள். மூன்றுதான்.

"என்ன கணக்கு வருது?" என்று கிளாத்தித் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"சுருங்குது அண்ணே."

"சுருங்குதா? நான் மெல்ல வளரும்னு சொன்னேன். இது அதைவிட மோசமா இருக்கே."

ஏழுவரி தூரத்தில் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தாள். பேசும் தெம்பையும் மிச்சப்படுத்திக்கொண்டிருந்தாள். சிமிழிக்கு அவளிடம் போய்ச் சொல்ல மனம் வரவில்லை. எங்கோ தப்பு நடக்கிறது என்று மட்டும் தோன்றியது.

'நேத்து அளந்ததும் இன்னைக்கு அளந்ததும் ஒரே குழலியான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒண்ணைப் பிடிச்சு வச்சுக்கிட்டா சந்தேகமே இருக்காது' என்று நினைத்தாள்.

நாலு வட்டம் நீளமுள்ள ஒரு குழலியைப் பிடித்தாள். நோகாமல்தான் பிடித்தாள். அதைத் தன் ஓட்டுக்குள் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்து, அகலமான இரண்டு கைகளாலும் வாசலை மூடிக்கொண்டாள்.

குழலி உள்ளே தண்ணீரை உறிஞ்சியது, விட்டது. மறுபடி உறிஞ்சியது. போகப் போக அந்த அசைவு தளர்ந்தது. கண்ணாடி உடம்பில் பால் கலந்தது போல மங்கல் படர்ந்தது. விடிந்ததும் சிமிழி அளந்து பார்த்தாள். மூன்று வட்டம்தான் இருந்தது.

இந்தக் குழலி உண்மையாகவே சுருங்கியிருந்தது. அவள் கண்ணெதிரில், அவள் கைக்குள்ளேயே.

சிமிழி அதற்கு மேல் அதை அடைத்து வைக்கவில்லை. ஓட்டின் வாசலைத் திறந்து, "போயிடு" என்று அதை வெளியே விட்டாள்.

வெளியே வந்த குழலி கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு ஒருமுறை சுருங்கி விரிந்தது. புதுத் தண்ணீர் அதற்குள் ஓடியது. மறுபடி சுருங்கி விரிந்தது. மங்கல் மெல்லக் கலைந்தது.

அப்போதுதான் சிமிழி ஒன்றைக் கவனித்தாள். குழலி அவளை விட்டு விலகிக்கொண்டே போனது. அது நீந்தி எங்கும் போகவில்லை. தண்ணீரோடு தண்ணீராக இருந்த இடத்திலேயே இருந்தது. விலகியது அவள்தான். மரத்தின் வேர்களில் வாடை மோதி, மரத்தையே தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, மரம் நகருது" என்றாள்.

"மரம் என்னைக்கு நகர்ந்திருக்கு? நான் எப்பவும் இதுக்கு அடியிலதானே இருக்கேன்" என்றார் கிளாத்தித் தலைவர்.

சிமிழிக்குப் புரிந்துவிட்டது. முதல் நாள் ஒரு தண்ணீரில் இருந்த குழலிகளை அளந்தாள். மறுநாள் காற்று கொண்டுவந்து சேர்த்த வேறொரு தண்ணீரில், வேறு குழலிகளை அளந்தாள். மறுநாள் அளந்தவை முதல் நாள் அளந்தவற்றைவிட இளையவை. வெளியே மிதந்த எதுவும் சுருங்கவில்லை. அவள் அடைத்து வைத்தது மட்டும்தான் பட்டினியில் சுருங்கியது. அவளிடம் இருந்தது இரண்டு ஊர்க் கணக்கு.

குழலி இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு அலைக்கும் தூரம் கூடியது. அதைத் தொடர வேண்டுமென்றால் வேரை விட வேண்டும். வேரை விட்டால், காற்றில் ஓடும் மரத்தை அவளால் திரும்பப் பிடிக்க முடியாது. நிழல் இல்லை, கிளை இல்லை. மேலே வெயில், கீழே அடி தெரியாத ஆழம். ஓட்டுக்குள் முட்டைகள்.

"எங்கே பார்க்கிற? பைத்தியக்காரத்தனம் எதுவும் பண்ணாதே" என்றார் கிளாத்தித் தலைவர். அவருக்கு அவள்மேல் உண்மையான அக்கறை இருந்தது. "மரத்தை விட்டவங்க யாரும் திரும்பி வந்ததில்லை."

"இங்கே இருந்தா எனக்கு ஒண்ணும் தெரியப் போறதில்லை அண்ணே."

சிமிழி வேரைப் பிடித்திருந்த வட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி வட்டம் கழன்றபோது அவள் நிறம் வெளுத்துப்போனது. பேய்க்கணவாய்கள் பயந்தால் அப்படித்தான் ஆகும். பிறகு வயிற்றுத் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டு குழலியை நோக்கிப் பாய்ந்தாள்.

குழலியைத் தொட்டபோது, திரும்பிப் பார்த்தாள். மரம் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

இந்தத் தடவை அவள் குழலியை இறுக்கவில்லை. ஒரே ஒரு கையை அதன் முதுகில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டாள். குழலி தன் போக்கில் உறிஞ்சியது, விட்டது, மெல்ல முன்னேறியது. அவளும் அதன் போக்கிலேயே போனாள்.

பொழுது சாய்ந்தபோது அளந்தாள். மூன்று வட்டத்தைத் தாண்டி நாலாவது வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது.

அந்த இரவெல்லாம் குழலி பச்சைத் தண்ணீரில் தின்றுகொண்டே இருந்தது. விடியும் வேளையில் மறுபடி கையை நீட்டினாள். ஐந்து வட்டமும் கொஞ்சமும் வந்தது. அவளால் நம்ப முடியவில்லை. இன்னொரு கையை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஐந்தும் கொஞ்சமும்தான்.

கை மாறினாலும் கணக்கு மாறவில்லை. அது அவளுடைய குழலிதான், வேறு குழலி இல்லை. அவள் ஒரு கணமும் கையை எடுக்கவில்லை. நேற்று ஓட்டுக்குள் மங்கிக் கிடந்தது, இன்று இரண்டு வட்டம் கூடிவிட்டிருந்தது.

சிமிழி அசையாமல் மிதந்தாள். கூர்ந்து பார்த்தால் அது வளருவதே கண்ணுக்குத் தெரியுமோ என்று தோன்றியது. கடலில் அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வெளிச்சம் வந்ததும் குழலி தலையைக் கீழே திருப்பியது. ஆழத்தை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

"எங்கே போறே?" என்றாள் சிமிழி. குழலிக்குக் காதும் இல்லை, வாய்ப்பேச்சும் இல்லை. அது இறங்கிக்கொண்டே இருந்தது.

விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விட்டால் கணக்கு அறுந்துவிடும். கையை எடுக்காமல் அவளும் இறங்கினாள்.

நீலம் கருநீலமாயிற்று. கருநீலம் கறுப்பாயிற்று. குளிர் ஓட்டைத் தாண்டி உள்ளே வந்தது. முட்டைகளைக் கைகளால் அணைத்துக்கொண்டாள். இருட்டுக்குள் சின்னச் சின்ன வெளிச்சங்கள் மின்னி மறைந்தன. அவற்றில் ஒன்று அருகில் வந்து நின்றது. வயிற்றோரம் வரிசையாக விளக்குப் புள்ளிகள் கொண்ட ஒரு சின்ன மீன்.

"நீ மேல் தண்ணீர்க்காரியா?" என்று விளக்குமீன் கேட்டது.

"ஆமா."

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கும். மேலே யார் சமைக்கிறாங்க?"

சிமிழிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. விளக்குமீன் தன் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டியது. அப்போது பார்த்தாள். மேலே இருந்து மழை பெய்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் மழை. தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னத் துணுக்குகள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன. அவள் பிடித்திருந்த குழலியிலிருந்தும் ஒரு துணுக்கு நழுவி இருட்டுக்குள் போனது. குழலிகள் தின்று கழித்த பாசி அது. எங்கோ கீழே வெளிச்சமே காணாத ஜீவன்கள் வாய் திறந்து அதை வாங்கிக்கொண்டன. இன்னும் கீழேயும் வாய்கள் இருந்தன. அதற்கும் கீழே என்ன இருந்தது என்று விளக்குமீனுக்கும் தெரியாது.

"யாரும் சமைக்கலை" என்றாள் சிமிழி மெல்ல. "இதுங்க வளருதுங்க. அவ்வளவுதான்."

"வளருறதுக்கா இவ்வளவு சாப்பாடு கொட்டுது?" என்றது விளக்குமீன். பிறகு இருவரும் அந்த மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே பொழுது சாயும் நேரத்தில் குழலி திரும்பி ஏற ஆரம்பித்தது. அப்போது ஆறு வட்டத்துக்கு மேல் நீளம் இருந்தது. அதன் கண்ணாடி வயிற்றுக்குள் புதிதாக ஒன்று தெரிந்தது. நூல் சுற்றி வைத்தது போல ஒரு சுருள். அது என்னவென்று சிமிழிக்கு விளங்கவில்லை.

கருநீலம் நீலமாகும் இடத்துக்கு வந்தபோது தலைக்கு மேலே ஒரு பெரிய நிழல் நின்றது. தோணி கவிழ்ந்தது போன்ற நிழல்.

ஏழுவரி காத்துக்கொண்டிருந்தாள். அலை அடங்கிக் கடல் வழவழவென்று கிடந்தது.

"காத்து நின்னு போச்சு, தங்கச்சி" என்றாள் ஏழுவரி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "மரத்துக்கிட்ட ஒண்ணும் இல்லை. தேடிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தேன்."

"அக்கா, அளந்துட்டேன்." சிமிழிக்கு மூச்சு வாங்கியது. "இது மூணு வட்டம் இருந்துச்சு. பகல் ரெண்டும் ராத்திரி ஒண்ணும்தான் போயிருக்கு. இப்போ ஆறு வட்டத்துக்கு மேல."

ஏழுவரி அவளை உற்றுப் பார்த்தாள்.

"உன் ஓட்டுல முட்டை இருக்கு. நீ ஒளியுறதுக்கு இது வேணும். நீ வேற எப்படிச் சொல்லுவே?"

சிமிழிக்குச் சுருக்கென்றது. ஆனால் அதில் தப்பு இல்லை என்றும் பட்டது. பசித்தவள் அப்படித்தான் கேட்பாள்.

"நீங்க என்னை நம்ப வேணாம்" என்றாள். "என் கையையும் நம்ப வேணாம். நீங்களே அளந்து பாருங்க."

"எனக்கு உன் மாதிரி வட்டம் இருக்கா என்ன?"

"உங்க மேல் தாடையில ரெண்டு பல் மாதிரி கூர் இருக்கே. அந்த ரெண்டு கூருக்கும் நடுவுல வச்சு அளங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னதன் பொருள் அவளுக்கே உறைத்தது. குழலியை ஏழுவரியின் வாய்க்குள் வைக்க வேண்டும். பல நாள் பட்டினி கிடந்த வாய்.

ஏழுவரி தலையைத் தாழ்த்தினாள். மெல்ல வாயைத் திறந்தாள்.

உள்ளே தொண்டை முழுக்க முட்கள். வழுக்கும் உணவு வெளியே நழுவிவிடாமல் பிடிப்பதற்காகப் பின்பக்கம் சாய்ந்த நூறு நூறு முட்கள். சிமிழி வெளுத்துப்போனாள். வெளுத்தபடியே நீந்திப் போய், குழலியை அந்த இரண்டு கூர்களுக்கும் நடுவில் நிறுத்தினாள். தன் கையையும் அதனோடு அங்கேயே வைத்திருந்தாள்.

குழலி ஒரு கூரிலிருந்து மறு கூருக்கு எட்டவில்லை. ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது.

ஏழுவரியின் தாடை நடுங்கியது. குழலி உறிஞ்சி விட்ட தண்ணீர் அவள் நாக்கில் பட்டது. உணவின் ருசி அது. அவள் கண்களிலிருந்து கடலாமைக்கே உரிய உப்புக் கண்ணீர் கெட்டியாக வழிந்தது.

அவள் வாயை மூடவில்லை. சிமிழி குழலியோடு வெளியே வரும் வரைக்கும் திறந்தபடியே வைத்திருந்தாள்.

"இடைவெளியைப் பார்த்துக்கிட்டேன்" என்றாள். "இந்த ஒரு ராத்திரி."

மூவரும் ஒன்றாக மிதந்தார்கள். யாரும் நீந்தவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் போனார்கள். ஏழுவரி துடுப்புகளை மடக்கிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தண்ணீரின் போக்குக்கே உடம்பை விட்டுவிட்டாள்.

கிழக்கு வெளுக்கும்போது மறுபடி வாயைத் திறந்தாள். குழலியின் ஒரு முனை இடது கூரைத் தொட்டது. மறு முனை வலது கூரைத் தொட்டது. தொட்டதோடு நிற்காமல் சற்று வெளியேயும் நீண்டது.

ஏழுவரி வெகுநேரம் வாயைத் திறந்தபடி இருந்தாள். மூட மறந்துவிட்டாளோ என்று சிமிழிக்குத் தோன்றியது. பிறகு மெதுவாகத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் இத்தனை வருஷம் இதைத் தின்னுருக்கேன்" என்றாள். "இது இப்படின்னு தெரியாது."

அவள் சொல்லி முடிக்கவில்லை, குழலியின் வயிறு ஒருமுறை இழுத்து விட்டது. உள்ளே இருந்த சுருளின் நுனி வெளியே வந்தது.

நூல் என்று சிமிழி நினைத்தது நூல் இல்லை. ஒன்றோடொன்று கைகோத்தது போல ஒட்டிக்கொண்டிருந்த குட்டிக் குழலிகள். ஒவ்வொன்றும் ஒரு கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஒவ்வொன்றும் தனியாகச் சுருங்கி விரிந்தது. ஒரு சரம் முழுக்க வெளியே வந்து பளபளத்தது. அதன் பின்னால் இன்னொரு சரம். அதன் பின்னாலும் வந்துகொண்டே இருந்தது. சிமிழி எண்ண ஆரம்பித்தாள். எட்டுக் கைகளிலும் இருந்த வட்டங்கள் அத்தனையும் தீர்ந்தும் எண்ணிக்கை தீரவில்லை. எண்ணுவதை விட்டுவிட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணோட நீளத்தைத்தான் அளந்தேன்" என்றாள். அவள் உடம்பில் நிறங்கள் மாறி மாறி ஓடின. "இது ஒவ்வொண்ணும் அதே மாதிரி வளருமே."

வளர்ந்தன. அந்தத் தண்ணீரில் இருந்த மற்றக் குழலிகளும் சரம் விட்டிருந்தன. சில பொழுதுகள் கழிந்தன. பிறகு ஒரு காலையில் இருவரும் மேலே வந்து பார்த்தபோது கடலைக் காணவில்லை. அதன் இடத்தில் கண்ணாடி இருந்தது. பார்த்த பக்கமெல்லாம் சரம் சரமாகக் குழலிகள். ஒன்று சுருங்க, அடுத்தது விரிய, அந்த அசைவு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மூச்சு விடுவது போலப் போய் வந்தது. சூரியன் எழுந்ததும் ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு குட்டி வானவில் விழுந்தது.

சிமிழி ஒரு கையை நீட்டி ஒரு சரத்தைத் தொட்டாள். ஏழுவரி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தன் பசிகூட அந்தக் கணத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"இப்போ சாப்பிடுங்க அக்கா" என்றாள் சிமிழி கடைசியில்.

ஏழுவரி தின்றாள். தின்றுகொண்டே போனாள். அவள் தின்ற வழி கொஞ்ச நேரம் ஒரு பாதை போலத் தெரியும். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பாதை மூடிக்கொள்ளும். நாளாக ஆக அவள் முதுகு வரிகளுக்கு நடுவே இருந்த குழிகள் நிரம்பின. கண்ணோரச் சுருக்கம் விரிந்தது.

முதல் சரங்களைப் பெற்ற அந்தப் பெரிய குழலி இதற்குள் தளர்ந்திருந்தது. அத்தனை வேகமாக வளர்ந்தது, அத்தனை வேகமாகவே முடிந்துகொண்டிருந்தது. இப்போது அது தண்ணீரை உறிஞ்சவில்லை. சிமிழி இன்னும் அதன்மேல் ஒரு கையை வைத்திருந்தாள்.

"இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள் ஏழுவரி.

"வேணாம் அக்கா. கீழேயும் காத்துக்கிட்டிருக்காங்க."

சிமிழி கையை எடுத்தாள். குழலி மெல்லக் கீழே இறங்கியது. நீலம் வரைக்கும் தெரிந்தது. கருநீலத்தில் ஒரு மங்கல் போல ஆயிற்று. அதற்குப் பிறகு தெரியவில்லை. சிமிழி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்தில் போன ஒரு சரத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். எந்தக் குழலியைப் பார்த்தாலும் அது இளையதாகவே இருந்தது.

ஏழுவரி புறப்படும் நாள் வந்தது.

"தங்கச்சி, நான் உன்மேல சந்தேகப்பட்டேன்" என்றாள்.

"பட்டதனாலதானே கூட மிதந்து வந்தீங்க. வராமலிருந்தா நான் சொன்னதும் வெறும் சொல்லாத்தான் போயிருக்கும்."

"அந்தக் கிளாத்தி?"

"மரத்தைக் காத்து எங்கேயோ கொண்டு போயிருக்கும். அவர் அதே இடத்துலதான் இருக்கிறதா நினைச்சுக்கிட்டிருப்பார்."

ஏழுவரி சிரித்தாள். அகன்ற துடுப்புகளை வீசித் தெற்கே தீவுக் கரையைப் பார்த்து நீந்தினாள். உச்சி வெயில் வரை நீந்தினாள். பொழுது சாயும் வரை நீந்தினாள். அப்போதும் அவளைச் சுற்றிக் குழலிகள்தான் இருந்தன. அவற்றின் எல்லை இன்னும் வரவில்லை.

எந்த உயிரின் வளர்ச்சியையும் ஓரிடத்தில் நின்றபடி பார்த்தோ பிடித்து அடைத்து வைத்தோ அறிய முடியாது. அதன் போக்கில் அதனோடு சேர்ந்து போகிறவர்களுக்கே அது தன் அளவைக் காட்டும்.